மாமியார் கோபத்தில் சொன்ன அந்த ஒரு வரி

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த ஊர் ஆரணி, இந்து, தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் திருவல்லாவைச் சேர்ந்த மலையாளக் கிறிஸ்தவர். வேலூருக்கு வேலைக்கு வந்த இடத்தில் பழக்கமாகி, 2016-ல் ஒரு முருகன் கோயிலில் தாலி கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்து திருமணச் சட்டப்படி பதிவும் செய்திருக்கிறார்கள். 2018-ல் பெண் குழந்தை. மாமனார் இறந்ததிலிருந்து மாமியார் இவர்களோடு இருக்கிறார். மருமகள் வைத்த குழம்பைத் தொடுவதில்லை, குழந்தையின் பொட்டை அழிக்கிறார். ஆடிக் கிருத்திகைக்கு இவர் ஆரணி போயிருந்தபோது குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். கணவர் வாயே திறக்கவில்லை. கடைசிச் சண்டையில் மாமியார், "நீ என் மகனுக்குச் சட்டப்படி பெண்டாட்டியே இல்லை" என்றாராம். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அவரை வீட்டைவிட்டு அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்.

வழக்கறிஞரின் பதில்:

குழம்பு, பொட்டு, ஞானஸ்நானம் எல்லாவற்றையும் படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது அவமானமாக நினைத்து நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரிதான். உங்கள் மாமியார் கோபத்தில் சொன்னது சட்டப்படி சரி.

இந்து திருமணச் சட்டம் 1955 இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் கல்யாணத்துக்கு மட்டும்தான். உங்கள் கணவர் அன்றும் கிறிஸ்தவர், இன்றும் கிறிஸ்தவர். கோயிலில் கேள்வி வரும் என்று அவருக்கு ஓர் இந்துப் பெயர் எழுதிக் கொடுத்ததாக நீங்களே சொல்கிறீர்கள். பெயர் மாறினால் மதம் மாறாது. கையில் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். சடங்கு நடந்ததற்கு அது சாட்சி, அவ்வளவுதான். செல்லாத கல்யாணத்தை அந்தத் தாள் செல்லுபடியாக்காது. ஆந்திராவில் 1996-ல் இதே மாதிரி நடந்தது. கிறிஸ்தவ மாப்பிள்ளை, இந்துப் பெண், கோயிலில் தாலி, பிறகு பதிவு. 2008-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பயப்பட வேண்டாம். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. வேறு வேறு மதத்தவருக்கும் பொருந்தும் சிறப்புத் திருமணச் சட்டம் 1954, பிரிவு 15. வேறு முறையில் நடந்த கல்யாணத்தை அந்தச் சட்டத்தின் கீழ் இப்போது பதிவு செய்யலாம். விண்ணப்பம், 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி எல்லாம் தெரிந்த நடைமுறைதான். "எனக்குச் சம்மதமில்லை" என்று மாமியார் எழுதிக் கொடுத்தால் அது ஆட்சேபணை ஆகாது. பிரிவு 15 கேட்கும் நிபந்தனைகள் இல்லை என்று காட்டினால்தான் ஆட்சேபணை. ஆனால் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். விண்ணப்பத்தில் கணவரும் கையெழுத்துப் போட வேண்டும். சடங்கு நடந்த நாளிலிருந்து நீங்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்து வந்திருக்க வேண்டும்.

நான் பார்த்த பெண்கள் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். உங்கள் கதையேதான், ஊர் மட்டும் வேறு. கோபத்தில் முதலில் புகார் கொடுத்தார், மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அதுவரை இரண்டு பக்கமும் சேராமல் நின்ற கணவர், அம்மாவை ஸ்டேஷனில் உட்கார வைத்த அன்று முழுக்க அம்மா பக்கம் போய்விட்டார். அவருடைய வழக்கறிஞர் வைத்த முதல் வாதமே இந்தக் கல்யாணம் செல்லாது என்பதுதான். அதற்கு அப்புறம் பிரிவு 15 விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போடுவாரா? சேர்ந்து வாழ்கிறோம் என்று அந்தப் பெண் சொல்லத்தான் முடியுமா? மாமியார் மேல் போட்ட வழக்கு, அவரே மனைவியா இல்லையா என்ற வழக்காக மாறி வருடக்கணக்கில் இழுத்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

அதனால் இப்போது புகார் வேண்டாம். ஆரணிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளவும் வேண்டாம். வீட்டிலேயே இருங்கள். அடி உதை இருந்தால் மட்டும் இந்த யோசனை எதுவும் பொருந்தாது. உடனே 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் கல்யாணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தரும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது குழி, "எதற்கம்மா வம்பு, புதுசா ஒரு ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணிடலாம், சுலபம்" என்று அலுவலக வாசலில் யாராவது சொல்வது. கேட்காதீர்கள். புதுக் கல்யாணம் அன்றைய தேதியிலிருந்துதான் கணக்கு. 2018-ல் பிறந்த உங்கள் மகள் அதற்கு வெளியே நிற்பாள். பிரிவு 15-ல் பதிந்தால், சடங்கு நடந்த நாளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எல்லாரும் முறையான பிள்ளைகள் என்று பிரிவு 18 சொல்கிறது. இன்னொன்று, விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ள உண்மைப் பெயரும் உண்மை மதமும்தான் இருக்க வேண்டும். முதலில் சொன்ன பொய்யை மறைக்க இன்னொரு பொய் வேண்டாம். பழைய சான்றிதழையும் கோயில் ரசீதையும் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று, ஆனால் ஆரணியில் கட்டாயம் வரும். இந்தச் சட்டத்தில் பதிந்தால் இந்துக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாக ஆகும் என்று பிரிவு 19 சொல்கிறது. உடனே அண்ணன் தம்பிகள், "அப்பா சொத்தில் உனக்குப் பங்கு போச்சு" என்பார்கள். போகாது. பிரிந்ததாகத்தான் ஆகும், பங்கு உங்களுடையதாகவே இருக்கும். இதைச் சாக்காக வைத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

சரி, மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். 2021-ல் ஃபிளாட் வாங்கியபோது உங்கள் 18 சவரன் போனதை அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். திருவல்லாவில் நிலத்தை விற்று மாமியார் கொடுத்த 7 லட்சத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை நீங்கள் நிதானமாகத் திரும்பப் படிக்க வேண்டும். வீடு மகன் பெயரில். மகன் உயில் எழுதாமல் இறந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. தாய்க்கு ஒன்றுமே இல்லை. இந்துக்களில் தாயும் முதல் வகுப்பு வாரிசு, உங்களுக்கு அது பழக்கம். கிறிஸ்தவர்களுக்கு அப்படி இல்லை. மனைவி என்று நீங்கள் உறுதியானால் தன் நிலத்தை விற்ற பணம் முழுக்கத் தன் கையைவிட்டுப் போய்விடும் என்று அந்த அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது.

ஆகவே சமாதானமாகப் போங்கள் என்று பச்சையாகவே சொல்கிறேன். கணவரைத் தனியாக உட்கார வைத்து, அம்மாவைப் பற்றி ஒரு குறையும் பேசாமல், மகளுக்காக இந்தப் பதிவை முடிப்போம் என்று கேளுங்கள். கூடவே, அம்மா உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் இருக்கலாம், அவர் கொடுத்த 7 லட்சத்துக்குக் கணக்கு உண்டு என்று எழுதிக் கொடுக்க நீங்கள் சம்மதியுங்கள். மாமியாரை வெளியே அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மகன் வீட்டில் மகன் சம்மதத்தோடு இருக்கும் தாயை நீங்கள் கிளப்ப முடியாது. முயற்சி செய்தால் அவர் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) முன்னால் போய் நிற்பார், உங்கள் கணவரும் அவரோடு நிற்பார். ஞானஸ்நானத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையை இரண்டு குடும்பத்துக்கு நடுவில் நிறுத்தி என்ன கிடைக்கும்? வீட்டில் நீங்கள் பொட்டு வைத்து விடுங்கள், அவர் ஜெபம் சொல்லிக் கொடுக்கட்டும்.

கணவர் உயில் எழுதுவதாக இருந்தால், கல்யாணப் பதிவு முடிந்த பிறகு எழுதச் சொல்லுங்கள், முன்னால் வேண்டாம். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும் என்று அதே 1925 சட்டத்தின் பிரிவு 69 சொல்கிறது. உங்கள் கல்யாணம் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு நாளில்தான் நடந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு ஒரு வாரம் முன் எழுதிய உயிலை உடைக்க எதிர்த்தரப்புக்கு அது போதும். பிஎஃப், இன்ஷூரன்ஸ் நாமினேஷனையும் அப்போதே புதுப்பிக்கச் சொல்லுங்கள். 18 சவரன் நகைக்கான கடை பில், அடகு ரசீது, வங்கியில் பணம் கட்டிய சலான் எல்லாவற்றையும் இந்த வாரமே நகல் எடுத்து ஆரணியில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.