காகிதப்பூவா, அடீனியமா? – மாடித் தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மாடியில் காலை ஏழு மணிக்கு விழும் வெயில் சாயங்காலம் ஐந்து வரை நகராது. குழாய்த் தண்ணீர் வாரம் ஒரு நாள்தான், அதுவும் நிச்சயமில்லை. ரோஜாவும் மல்லியும் வைத்து இரண்டுமே காய்ந்துவிட்டன. நர்சரியில் காகிதப்பூவையும் அடீனியத்தையும் காட்டி, இரண்டுக்குமே தண்ணீர் அதிகம் வேண்டாம் என்கிறார்கள். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? ஏப்ரலில் பத்து நாள் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அந்தப் பத்து நாளைச் சொன்னது நல்லதாயிற்று, ஏனென்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. உங்களுக்கு அடீனியம்தான்.

காகிதப்பூ வறட்சியைத் தாங்கும் என்பது தரையில் நட்ட செடிக்குத்தான் முழுசாகப் பொருந்தும். ரயில்வே ஸ்டேஷன் ஓரத்திலும் நான்குவழிச் சாலையின் நடுத் திட்டிலும் அது வெயிலில் பூத்துக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு நாம் தொட்டியில் வைக்கிறோம். அங்கே வேர் ஆழத்தில் போய் ஈரத்தைத் தேடிக்கொள்ளும், தொட்டியில் எங்கே போகும்? பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் இருக்கும் காகிதப்பூவை ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியில் பத்து நாள் தண்ணீர் இல்லாமல் விட்டால் இலை எல்லாம் சருகாகிவிடும். வயதான செடி என்றால் தண்டிலிருந்து மறுபடி துளிர்த்து வரலாம், நேற்று வாங்கிய சின்னச் செடி வராது.

அடீனியம் அப்படி இல்லை. ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளும் அரேபியாவும்தான் அதன் சொந்த ஊர், ஏடன் துறைமுகத்தின் பெயர்தான் அதற்கும் வந்தது. அடியில் குண்டாக, பானை வயிறு மாதிரி இருக்கிறதே, அதுதான் அதன் தண்ணீர்க் குடம். பத்து நாள் என்ன, இருபது நாள் ஆனாலும் அதிலிருந்து எடுத்துக் குடித்துக்கொள்ளும். ஊருக்குப் போகும் முன் கட்டைவிரலால் அந்தக் குண்டுப் பகுதியை அழுத்திப் பாருங்கள், பச்சைக் கொய்யாக்காய் மாதிரி கெட்டியாக இருக்கும். திரும்பி வந்து அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும், தோலில் லேசாகச் சுருக்கமும் விழுந்திருக்கும். ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விடுங்கள், இரண்டு மூன்று நாளில் மறுபடி கெட்டியாகிவிடும்.

ஆனால் ஒன்று, இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது அரைகுறை. இந்தச் செடிகளை வாங்கும்போது எல்லோரும் சித்திரை வெயிலை நினைத்துத்தான் வாங்குகிறார்கள், நான் ஐப்பசி மழையை நினைத்து வாங்கச் சொல்வேன். நம் மாநிலத்தின் வருட மழையில் பாதிக்குப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. என் கையில் செத்துப்போன அடீனியம் ஒன்றுகூடக் கோடையில் சாகவில்லை, எல்லாம் நவம்பரில்தான். நாலு நாள் அடைமழையில் வெளியே நின்றால் வேர் அழுக ஆரம்பித்துவிடும், மேலே இலை பச்சையாகவே இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. விருதுநகர்ப் பக்கம் மழை குறைவு, அதனால்தான் துணிந்து சொல்கிறேன். அப்போதும், மழை தொடங்கியதும் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். பத்து அங்குல அகலத் தொட்டி போதும், ஒரு கையால் தூக்கிவிடலாம்.

மண் கலவையில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். சலித்து எடுத்த பெருமணல் இரண்டு பங்கு, செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. நர்சரிக்காரர்கள் பல பேர் வெறும் தென்னை நார்க் கழிவில் வைத்துத் தருகிறார்கள், அவர்களுக்குத் தூக்க லேசாக இருக்கும், தினம் கவனிக்க ஆளும் இருக்கும். உங்கள் மாடியில் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. வாங்கி வந்த வாரமே மண்ணை மாற்றுங்கள், மாற்றிய பின் நாலைந்து நாள் தண்ணீர் விடாதீர்கள், வேரில் பட்ட காயம் முதலில் ஆறட்டும்.

கேள்வி: மழை விட்டதும் பார்த்தால் என் அடீனியத்தின் அடிப்பாகம் கொழகொழவென்று இருக்கிறது. ஐந்து வருடச் செடி. காப்பாற்ற முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இன்றைக்கே செய்தால் முடியலாம். செடியைப் பிடுங்கி மண்ணை உதறிவிட்டு, சுத்தமான கத்தியால் பழுப்பாகக் கொழகொழத்த இடத்தையெல்லாம் வெட்டி எடுங்கள். பாவம் பார்த்துக் கொஞ்சம் விட்டுவைத்தால் அதிலிருந்தே மறுபடி பரவும். உள்ளே வெள்ளையாக, உறுதியாக, முள்ளங்கியை வெட்டினாற்போல் தெரியும் வரைக்கும் வெட்ட வேண்டும். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைப் பூசி, மழை படாத நிழலில் ஒரு வாரம் அப்படியே தொங்கவிடுங்கள். மண் இல்லாமல் ஒரு வாரமா என்று பயப்பட வேண்டாம், அதற்கு அது பெரிய விஷயமே இல்லை. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு வறண்ட மணல் கலவையில் நட்டு, இன்னும் ஒரு வாரம் கழித்துக் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். அழுகல் தண்டுக்குள் ஏறிவிட்டிருந்தால் நல்ல கிளைகளை வெட்டி நட்டுக்கொள்ளலாம், பூக்கும், அந்தக் குண்டு அடி மட்டும் அதே அழகில் வராது. அது விதையில் வளரும் செடிக்குத்தான் வரும்.

இன்னொரு செடி வாங்குவதாக இருந்தால், கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்வது காகிதப்பூ. தொட்டியின் அடி ஓட்டை அடைபடாமல் இருந்தால் மழையில் நின்றாலும் சமாளித்துக்கொள்ளும், அந்த மூன்று மாதம் பூ குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் காகிதப்பூ தொட்டியை மறைக்கும் அளவுக்குத் தழைத்திருக்கிறது, ஒரு பூ இல்லை. தினமும் தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல், எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிறேன். என்ன குறை?
– வாசகி, திருச்சி

பதில்: குறை எதுவும் வைக்கவில்லை நீங்கள், அதனால்தான் பூக்கவில்லை. புண்ணாக்கில் இருப்பது பெரும்பாலும் தழைச்சத்து, செடியும் தழைத்துக்கொண்டே போகிறது. உடனே நிறுத்துங்கள். தண்ணீரையும் தினமும் விடாதீர்கள், மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்து, இலை நுனி லேசாகத் துவளத் தொடங்கும்போது தொட்டியின் அடியில் வழியும் வரை ஊற்றுங்கள், பிறகு மறுபடி துவளும் வரை சும்மா இருங்கள். முதல் தடவை இலை துவண்டு தொங்குவதைப் பார்க்க மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. ஆனால் இப்படி இரண்டு மூன்று முறை காயவிட்டுக் காயவிட்டு ஊற்றினால் கிளை நுனிகளில் நிறம் எட்டிப் பார்க்கும்.

கவாத்தும் செய்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இது புதுத் தளிரில்தான் பூக்கும். மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்ததும், நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். மாசி, பங்குனியில் பாருங்கள். வெயில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேராக விழ வேண்டும், நிழலில் வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் இலைதான் கிடைக்கும்.

பூத்ததும் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் பூ என்று சொல்லும் அந்த மெல்லிய காகிதம் பூவே இல்லை, நிறம் மாறிய இலை. மூன்று இலை சேர்ந்து நிற்கும், ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒரு வெள்ளைக் குழல் இருக்கும், அதுதான் நிஜப் பூ. இலை என்பதால்தான் சீக்கிரம் வாடாமல் வாரக்கணக்கில் நிற்கிறது. நம் அந்திமந்தாரையும் மூக்கிரட்டைக் கீரையும் இதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். 1760-களில் பிரெஞ்சு மாலுமி போகன்வில் உலகைச் சுற்றி வந்தபோது, கூடப் போன தாவரவியலாளர் கொமெர்சோன் பிரேசிலில் இதைப் பார்த்தார். மாலுமியின் பெயரே செடிக்கு நிலைத்துவிட்டது.

கேள்வி: காகிதப்பூவைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன், மூன்றே நாளில் எல்லா இலையும் கொட்டிவிட்டது. போய்விட்டதா?
– வாசகர், கோவை

பதில்: நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. காகிதப்பூவின் வேர் முரட்டுச் செடிக்கு ஏற்ற வேர் இல்லை, தொட்டாலே அறும். மாற்றும்போது மண் கட்டியை உடைக்கவே கூடாது. இப்போது அரை நிழலில் வைத்து, மண் காயாமலும் ஊறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், உரம் எதுவும் வேண்டாம். அப்புறம், தேவையில்லாமல் பெரிய தொட்டிக்குப் போகாதீர்கள், வேர் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கும்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுப் பேரன், கீழே இரண்டு ஆடு. இந்த இரண்டில் எது ஆபத்தில்லாதது?
– வாசகி, தேனி

பதில்: அடீனியம் வேண்டவே வேண்டாம். அது அரளிக் குடும்பம், ஒடித்தால் வரும் பால் விஷம், இதயத்தைத் தாக்கும். ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவியது இதைத்தான். வெட்டிய கிளையைக்கூட ஆட்டுக்கு எட்டும் இடத்தில் போடக் கூடாது, கவாத்து செய்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காகிதப்பூவில் அந்த அளவு விஷம் கிடையாது, முள்தான் பிரச்சினை. வளைந்த கெட்டி முள், குழந்தையின் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். தொட்டியைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒதுக்கி, உள்பக்கம் வரும் கிளைகளை மாதம் ஒருமுறை வெட்டிவிடுங்கள். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும் வரை நித்தியகல்யாணியும் வைக்காதீர்கள், அதுவும் அதே அரளிக் குடும்பம்தான். பத்துமணிப் பூ வையுங்கள், வெயிலும் தாங்கும், முள்ளும் இல்லை.