சிங்கப்பூர் சைட்டில் கை நசுங்கிய என் தம்பியை கம்பெனி ஊருக்கு அனுப்பப் பார்க்கிறது. என்ன செய்வது?

வியாழக்கிழமை விமானத்தில் ஏற வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: தம்பிக்கு ஷட்டரிங் வேலை (கான்கிரீட் போடப் பலகை கட்டுவது), மூன்று வாரத்துக்கு முன்பு பலகைக்கும் தூணுக்கும் நடுவே கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது, 'ஊரில் போய் வைத்தியம் பார்த்துக்கொள், பணம் பின்னால் வரும்' என்று கம்பெனி டிக்கெட் போட்டிருக்கிறது. எனக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. 2021-இல், லிஃப்ட் சுவருக்குக் கட்டியிருந்த பலகை சரிந்து என் இடது கையில் விழுந்தது. அதனால் வக்கீல் மாதிரி இல்லாமல், பட்டவன் மாதிரி சொல்கிறேன்.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. கம்பெனி வேனில்தான் கூட்டிப்போனார்கள். வழியில் சூப்பர்வைசர், அவரும் நம் ஊர்க்காரர்தான், அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர், "டாக்டர் கேட்டால் ரூமில் கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லுடா, இல்லாவிட்டால் வேலை பெர்மிட் போய்விடும்" என்றார். பயத்தில் தலையாட்டிவிட்டேன். ஆனால் அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் தமிழர். "எப்படி அடிபட்டுச்சு தம்பி?" என்று அவர் கேட்டதும் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது. 'வேலையிடத்தில் பலகை விழுந்தது' என்று அவர் எழுதிக்கொண்டார். பின்னால் கம்பெனி என்ன சொல்லியும் எடுபடாமல் போனதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். உங்கள் தம்பி முதல் நாள் டாக்டரிடம் என்ன சொன்னார் என்று முதலில் கேளுங்கள். பொய் சொல்லியிருந்தால், அடுத்த தடவை போகும்போதே உண்மையைச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். யார் சொல்லச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து.

சட்டத்துக்கு வருகிறேன். வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொழிலாளர்கள் 'விக்கா' என்பார்கள். இதில் தப்பு யார் மேல் என்று பார்ப்பதில்லை. 'நீதான் கவனமில்லாமல் கை வைத்தாய்' என்று கம்பெனி சொல்வது இங்கே செல்லாது. உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும், பணம் அங்கிருந்துதான் வரும். விபத்து தெரிந்த 10 நாளுக்குள் கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து டாக்டர் ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை மட்டும்) கொடுத்தாலும்கூட இது பொருந்தும். கம்பெனி தெரிவிக்காவிட்டால் தம்பியே நேராக அமைச்சிடம் சொல்லலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கோர வேண்டும், அவ்வளவுதான்.

இனி பணம். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எனக்கு எம்.சி. நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டார்கள். சட்டப்படி பார்க்க வேண்டியது விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரி வருமானம், ஓவர்டைமும் சேர்த்து. என் சராசரி மாதம் 1,050 வெள்ளி. வெளிநோயாளியாக இருந்தால் முதல் 14 நாள், மருத்துவமனையில் படுத்திருந்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, ஓர் ஆண்டு வரை. அதனால் பே ஸ்லிப் எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போன் தொலையலாம், டார்மில் (தொழிலாளர் விடுதியில்) பெட்டியைக்கூட யாராவது எடுத்துப் போகலாம்.

விரல் பழையபடி மடங்காவிட்டால் நிரந்தரப் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று டாக்டர் கணிப்பார். எனக்கு 6 சதவீதம். 40 வயதுக்குள் என்றால் சராசரி மாத வருமானத்தை 181-ஆல் பெருக்கி அதில் அந்தச் சதவீதம். என் கணக்கு 11,400 வெள்ளி சொச்சம் வந்தது. சம்பளம் குறைவு என்பதற்காக ரொம்பக் குறைந்துவிடாது, கீழ் வரம்பு உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 100 சதவீதப் பாதிப்புக்கு அது 1,16,000 வெள்ளி, மேல் வரம்பு 3,46,000. வைத்தியச் செலவு தனி. 53,000 வெள்ளி அல்லது ஓர் ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அதுவரை.

ஊருக்கு வந்துவிட்டால் உரிமை செத்துவிடாது. ஆனால் சிங்கப்பூர் டாக்டரின் மறுபரிசோதனை, அந்தச் சதவீதக் கணிப்பு எல்லாம் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு நடத்துவது பெரும் பாடு. என் ரூமில் இருந்த ஒருவர் இப்படித்தான் நம்பிப் போனார். இரண்டு மாதம் கழித்து கம்பெனியில் யாரும் அவர் போனை எடுக்கவில்லை.

பெர்மிட்டை ரத்து செய்தால்? கோரிக்கை முடியும்வரை சிங்கப்பூரில் தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் (தற்காலிக அனுமதி) கேட்கலாம். வேலை செய்ய முடியாது, அது கஷ்டம்தான், ஒளிக்கவில்லை. எனக்கு ஏழு மாதம். சாப்பாடும் தங்குமிடமும் முதலாளியின் பொறுப்பு, ஆனாலும் சிலர் கைவிட்டுவிடுவார்கள். அப்படி நின்றவர்களுக்குத் தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) ஒரு தொண்டு அமைப்பு இலவசச் சாப்பாடு போடுகிறது. நானும் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன்.

வக்கீல் வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விக்காவுக்குத் தேவையில்லை. நீதிமன்றத்தில் வழக்கும் போட்டு விக்காவிலும் வாங்க முடியாது, இரண்டில் ஒன்றுதான். கோர்ட்டில் அதிகம் கிடைக்கலாம், ஆனால் முதலாளியின் தவறு என்று நிரூபிக்க வேண்டும். நசுங்கிய விரலுக்கு நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

இன்று ராத்திரியே புலம்பெயர்ந்த தொழிலாளர் நிலையத்துக்கு, 6536 2692, தம்பியையே பேசச் சொல்லுங்கள். 24 மணி நேர எண், தமிழில் பேசலாம். அதையும் மீறி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனால், சாங்கியில் குடிநுழைவு (இமிகிரேஷன்) அதிகாரியிடம் எம்.சி.யைக் காட்டி, "எனக்குக் காயக் கோரிக்கை இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று சொல்லட்டும். ஆங்கிலம் வராது என்றால் அந்த ஒரு வரியை நீங்களே ஆங்கிலத்தில் எழுதி அவர் போனுக்கு அனுப்பிவையுங்கள்.