ஜாம்பி வந்தால் கொங்குநாட்டில் எப்படித் தப்பிப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செத்த பிறகும் எழுந்து நடந்து ஆட்களைக் கடிப்பதாகச் சினிமாவில் காட்டுகிற ஜாம்பி பற்றி யோசிக்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. புது ஊருக்குப் போனால் முதலில் கிணறு எங்கே, வேலி எப்படி என்றுதான் கண் தேடும். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஜாம்பி பரவினால் ஊட்டிக்கோ வால்பாறைக்கோ ஏறிவிடலாம் என்று நண்பர்கள் பேசி வைத்திருக்கிறோம். சரிதானே அண்ணா? – கல்லூரி மாணவர், மேட்டுப்பாளையம்

வேண்டாம் தம்பி. உங்களுக்குத் தோன்றுவது கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஊருக்கும் அதே காலையில் தோன்றும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதைக்கு 27. சாதாரண நாளிலேயே திம்பத்தில் ஒரு லாரி வளைவில் மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் எதுவும் நகராது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் கார். இறங்கி ஓடக்கூட வழி இருக்காது.

தார் ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே இருக்கிற தோட்டத்துச் சாளைதான், அதாவது தோட்டத்து வீடுதான், என் தேர்வு. நம் பக்கத்தில் காட்டுக்குள் வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன. கடித்துப் பரவுகிற நோய்க்கு அந்த இடைவெளியே பெரிய தடை.

எங்கள் கொறங்காட்டை (மேய்ச்சல் காட்டை)ச் சுற்றிக் கிளுவை முள்வேலி இருக்கிறது. கம்பி வேலி போட வேண்டுமா? – விவசாயி, காங்கேயம்

உள்ள வேலியை வெட்டிவிடாதீர்கள், அய்யா. இந்தக் கேள்விக்காகவே இரண்டு வருடம் முன்பு மாமா தோட்டத்தில் சோதித்துப் பார்த்தேன். சாக்கில் சோளத்தட்டைத் திணித்து, பழைய முழுக்கைச் சட்டை மாட்டி, ஆள் எடைக்குக் கல் போட்டு, வேலியில் சாய்த்து இரண்டு பேர் தள்ளினோம். சட்டைக் கை முதலில் மாட்டியது. இழுக்க இழுக்க அடுத்த முள் காலரைப் பிடித்தது. கடைசியில் சட்டை நார் நாராகக் கிழிந்து தொங்கியது, பொம்மை மறுபக்கம் வரவே இல்லை.

ஜாம்பிக்கு வலி தெரியாது, அதனால் முள்ளுக்குப் பயப்படாது என்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, சிக்கினால் போதும். கம்பி வேலியில் கூட்டம் சாய்ந்தால் கல்லுக்கால் ஒன்றாகச் சாய்ந்துவிடும். கிளுவை ஒவ்வொன்றும் தனித்தனியாக வேர் விட்டு, ஒன்றோடொன்று பின்னி நிற்கிறது. இடைவெளி இருக்கிற இடத்தில் மழைக்காலத்தில் கிளுவைக் கிளையைப் போத்தாக வெட்டி நடுங்கள். பலவீனம் ஒன்றே ஒன்று, வேலி வாசலை அடைக்கிற படல். அதை இரட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் நல்ல அருவாள் இருக்கிறது. போதுமா? – சென்னிமலை

அருவாள் என்றால் கைக்கெட்டும் தூரம், அதாவது வாய்க்கெட்டும் தூரம். எலும்பில் மாட்டினால் உருவ முடியாது, ரத்தமும் கண்ணில் தெறிக்கும். முள் தள்ளுகிற கவைக்கோலை எடுங்கள். கவையை நெஞ்சில் கொடுத்துத் தள்ளினால் வருகிற உருவம் ஆறடிக்கு அப்பால் நிற்கும். இரண்டு பேர் இரண்டு கோல் வைத்திருந்தால் ஒரு ஆளை மெதுவாகக் கிணற்று மேட்டுக்கோ பள்ளத்துக்கோ நடத்திக்கொண்டே போகலாம். எங்கள் வீட்டில் அருவாள் தேங்காய்க்கு மட்டும்தான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா? வேறு வேலை இல்லையா? – ஈரோடு

செத்த உடம்பு எழுந்து நடக்காது. இறந்த சில மணி நேரத்தில் தசை விறைத்துப்போகும், அப்புறம் அழுகத் தொடங்கும். பங்குனி வெயிலில் அது இன்னும் வேகம். ஆனால் கடியால் பரவி மூளையைப் பிடிக்கிற நோய் நம் தெருவிலேயே இருக்கிறது, வெறிநாய்க்கடி. நாய் கடித்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

2011இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே ஜாம்பி வந்தால் எப்படித் தயாராவது என்று எழுதி வெளியிட்டது. புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் அதே தயாரிப்புதான் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் கோவைக்கும் இது புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்து போன தடம் பிளேக் மாரியம்மன் கோயில்களாக இன்றும் நிற்கிறது. அதனால் இது வீண் வேலை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சாளையில் நாய், கோழி, சுற்றிலும் மயில். சத்தம் ஆபத்தா? – தாராபுரம்

மயிலை ஒன்றும் செய்ய முடியாது. அது எல்லாத் திசையிலும் அகவுவதால் யாரையும் உங்களிடம் கூட்டி வராது. சேவல் வேண்டாம். நாய் மட்டும் வேண்டும், ஒன்று போதும்.

அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) எண்பது வயது, நடக்க முடியாது. தண்ணீர் போர் மோட்டாரில்தான். என்ன செய்வது? – இல்லத்தரசி, கோபி

அம்மணி, வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். கரண்ட் போனால் ஆயிரம் அடி போரும் வெறும் குழாய். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்குப் பத்து நாள் என்றால் 160 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் எட்டு. அது தீர்வதற்குள் கயிறும் வாளியும் போடுகிற மாதிரி ஒரு திறந்த கிணறு தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். விறகு இல்லையென்றால், தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள்.

அம்மிச்சியை எங்கும் கூட்டிப் போக வேண்டாம், அவரோடு இருங்கள். எந்தக் கிணறு சித்திரையிலும் வற்றாது, எதற்குப் படி இருக்கிறது, எது உப்புத் தண்ணீர் என்று அவருக்குத்தான் தெரியும். கம்பை உரலில் இடித்தால் உலக்கைச் சத்தம் அரை மைல் கேட்கும், திருகையில் அரைத்தால் அவ்வளவு கேட்காது. திருகை அட்டாலியில் (பரணில்) கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிக் கழுவி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படி கம்பு அரைத்துப் பாருங்கள். கை எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் அவரே சொல்லித் தருவார்.