ஐரோப்பாவில் ஆள் குறைந்த கிராமங்களுக்கு ஃபைபர் (கண்ணாடி இழை) இணையக் கேபிள் போட அரசு இவ்வளவு பணம் கொடுப்பது வீண் இல்லையா?

கேள்விக்குக் கீழே இருக்கும் விளக்கத்தில், "அயர்லாந்து மாதிரிச் சின்ன நாடு கிராமத்து பிராட்பேண்டுக்கு மட்டும் 300 கோடி யூரோ ஒதுக்கியிருக்கிறது, ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்ட காலத்தில் இது தண்டச் செலவு" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த அயர்லாந்தில், ரோஸ்காமன் கவுண்டியில், ஒரு குறுக்குச் சாலையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கும் வீட்டில் குடியிருக்கிறேன். நீங்கள் தண்டம் என்று சொல்லும் அந்தப் பணத்தில் வந்த இணைப்பு வழியாகத்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். அதனால் நடுநிலையாகப் பேசுகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்திரிகைத் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களைவிட இந்த விஷயம் எனக்கு நெருக்கமாகத் தெரியும்.

நேரடிப் பதில்: வீண் இல்லை. பணம் கொடுத்தது சரி. அதைத் தாமதமாகக் கொடுத்தார்கள், கொடுத்த பிறகும் அந்த வலையமைப்பைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை. என் கோபமெல்லாம் இந்த இரண்டின் மேல்தான்.

நீங்கள் சென்னையிலோ டப்ளினிலோ அடுக்குமாடியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். கிராமம் என்றால் நம் மனதில் ஒரு தெரு, கோயில், ஒட்டி ஒட்டி வீடுகள் என்றுதான் தோன்றும். எனக்கும் தென்காசிப் பக்கம்தான் சொந்த ஊர், அப்படித்தான் நினைத்து வந்தேன். அயர்லாந்துக் கிராமப்புறம் அப்படி இல்லை. ஒவ்வொரு வீடும் தன் வயலுக்கு நடுவில் தனித்தனியாக நிற்கும். அரசின் திட்டத்துக்குள் வரும் இடங்களைச் சேர்த்தால் நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 96 சதவீதம், ஆனால் மக்கள்தொகையில் 23 சதவீதம்தான். ஏறக்குறைய 54,000 பண்ணைகள் அதற்குள் இருக்கின்றன. இவ்வளவு பரப்பில் கம்பம் கம்பமாகக் கேபிள் இழுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோக எந்தத் தனியார் நிறுவனமும் தானாக முன்வராது. லாபம் வராத இடத்துக்கு அவர்கள் வரவில்லை என்று நான் குறை சொல்லவும் இல்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். என் மனைவிக்கு இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை. நான் கட்டட வரைபடம் வரைகிறவன், ஆட்டோகேட் கோப்புகளை அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குடிவந்தபோது இருந்தது பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி. சாலையோரத்துப் பெட்டியிலிருந்து வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு வேகம் குறையும், எங்கள் வீடு கம்பியின் கடைக்கோடி. சரி என்று ஒரு வயர்லெஸ் நிறுவனத்திடம் போனோம். புகைபோக்கியில் ஒரு சின்ன டிஷ் மாட்டி, தூரத்துக் குன்றின் மேல் இருக்கும் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். குளிர்காலத்தில் பிரமாதமாக வேலை செய்தது. மே மாதம் வந்து எதிர்வயலில் இருந்த மரங்கள் இலை விட்டதும் சிக்னல் போய்விட்டது. கூப்பிட்டுச் சொன்னால் "மரத்தை வெட்டச் சொல்லுங்கள்" என்றார்கள். மரம் எங்களுடையது இல்லை. ஒப்பந்தம் முடியும்வரை மாதாமாதம் பணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்த வரைபடம். பிராட்பேண்ட் எங்கே வரும் என்று காட்டும் அரசு வரைபடத்தில் தனியார் பார்த்துக்கொள்ளும் இடங்கள் நீல நிறம், அரசு பணம் போட வேண்டிய இடங்கள் ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். 2017 ஏப்ரலில், முன்பு அரசுடையதாக இருந்த தொலைபேசி நிறுவனம் மூன்று லட்சம் வீடுகளுக்குத் தானே ஃபைபர் போடுவதாக அரசோடு ஒப்பந்தம் செய்தது. உடனே அந்த வீடுகளை அரசுத் திட்டத்திலிருந்து எடுத்து வெளிர்நீலமாக மாற்றிவிட்டார்கள். குறுக்குச் சாலை வரை இருந்த வீடுகள் வெளிர்நீலம். அங்கிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் வீடும் இன்னும் சில வீடுகளும் ஆம்பர். அடுத்த ஆண்டு குறுக்குச் சாலைக் கம்பம் வரை கேபிள் வந்து நின்றது. வாசலில் நின்றால் அந்தக் கம்பம் தெரியும். தொலைபேசியில் கேட்டால், "உங்கள் ஏர்கோடு பட்டியலில் இல்லை." ஏர்கோடு என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் 2015 முதல் கொடுத்திருக்கும் தனி அஞ்சல் குறியீடு. அந்த ஏழு எழுத்தை வைத்து எங்களுக்கு நெட் இல்லை என்று முடிவாகிவிட்டது.

இதில் சட்டப்படி யாரும் தப்புச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அப்போதைய அரசு உதவி விதிகளின்படி, தனியார் ஏற்கெனவே கொடுக்கிற இடத்திலும், அடுத்த மூன்று ஆண்டுக்குள் கொடுப்பேன் என்று நம்பத்தகுந்த விதத்தில் சொல்கிற இடத்திலும் அரசு பணம் போடுவது கடினமாக இருந்தது. போட்டி கெடக் கூடாது என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன என்றால், சாலையோரமாக வரிசையாக இருந்த வீடுகளை நிறுவனம் எடுத்துக்கொண்டது. மலைச்சரிவிலும் சதுப்பு நிலத்துக்கு அப்பாலும் சிதறிக் கிடக்கும் வீடுகள் மட்டும் அரசு தலையில் விழுந்தன. சுலபமான மூன்று லட்சம் வெளியே போனதும், மீதி வீடுகளின் சராசரிச் செலவு ஏறத்தானே செய்யும்?

அந்த மீதி வீடுகளுக்கு ஃபைபர் போடும் அரசு ஒப்பந்தத்துக்கு ஏலம் நடந்தது, அதில் போட்டியிட்டவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். மின்வாரியமும் வோடஃபோனும் சேர்ந்து நடத்தும் சிரோ 2017 செப்டம்பரில் போனது. மூன்று லட்சம் வீட்டை எடுத்துக்கொண்ட அந்தத் தொலைபேசி நிறுவனமே 2018 ஜனவரியில் ஏலத்திலிருந்து விலகிவிட்டது. கடைசியில் கிரனஹன் மெக்கோர்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான ஒரே ஒரு குழு மிஞ்சியது. ஏலத்தில் ஒருவர் மட்டும் நின்றால் விலை யார் கையில் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழுவின் தலைவரைத் தனியாகச் சந்தித்துச் சாப்பிட்டார் என்பதற்காக, துறை அமைச்சர் டெனிஸ் நாட்டன் 2018 அக்டோபரில் பதவி விலகினார். அவர் அப்போது எங்கள் ரோஸ்காமன்–கால்வே தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஏல நடைமுறை கெடவில்லை என்று பிறகு நடந்த தணிக்கை சொன்னது. ஆனால் அன்றைக்கு எங்கள் ஊர்க் கடையில் எல்லோரும் பேசியது அவரைப் பற்றி இல்லை. "இனி நெட் வராது" என்பதுதான் பேச்சு.

2019 மே மாதம், மிஞ்சிய அந்தக் குழுவுக்கே வேலையைக் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது. செலவினத் துறையின் மூத்த அதிகாரிகள் எதிர்த்து எழுதியும் ஒப்புக்கொண்டார்கள். நவம்பரில் அந்தக் குழு அமைத்த நேஷனல் பிராட்பேண்ட் அயர்லாந்து என்ற நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தரை லட்சம் அளவிலான வீடுகள், பண்ணைகள், பள்ளிகள், கடைகள். நீங்கள் சொல்லும் 300 கோடி அதற்கான உச்சவரம்பு. வீட்டுக்குச் சராசரியாக ஐயாயிரத்துச் சொச்சம் யூரோ வருகிறது. நாட்டின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். தலைக்கு 600 யூரோ, அதையும் 25 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 24 யூரோ. சிறிய தொகை என்று நான் சொல்லவில்லை. தலைப்புச் செய்தியில் தெரிகிற அளவுக்குப் பூதம் இல்லை என்கிறேன்.

"50 கோடியில் முடிய வேண்டியது 300 கோடி ஆயிற்று" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள், தெரியும். 2014-இல் அமைச்சர் பாட் ராபிட் அந்த அளவில் பேசியது, சுமார் 1,100 ஊர்கள் வரை ஃபைபர் கொண்டுபோவதற்கு. வீட்டு வாசல் வரை இல்லை. ஊர் மையத்துக்கு ஃபைபர் வந்து, அங்கிருந்து பழைய செம்புக் கம்பியில் எங்கள் வீட்டுக்கு வந்தால், இலை விட்ட மரத்தைவிட அது எந்த விதத்திலும் மேலாக இருந்திருக்காது. இரண்டும் ஒரே வேலை இல்லை, ஒரே விலையும் இருக்காது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். மகளுக்கு வகுப்பு திரையில். எனக்கு வேலையும் திரையில். என் மனைவி முதியோர் இல்லத்தில் முகக்கவசத்தோடு நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஊரில் இருக்கும் அம்மாவின் முகத்தைக்கூட வீடியோவில் ஒழுங்காகப் பார்க்க முடியாது. மகள் வகுப்பில் இருக்கும்போது நான் எதையும் அனுப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கோப்புகளை நடுராத்திரியில் ஏற்றிவிட்டுத் தூங்குவேன். பிறகு திட்டத்தின் முதல் கட்டமாக, ஊர் மண்டபங்களிலும் ஜிஏஏ எனும் ஐரிஷ் பாரம்பரிய விளையாட்டுச் சங்கத்தின் மன்றங்களிலும் பொது இணைப்பு மையங்கள் திறந்தார்கள். எங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒன்று வந்தது. மழையில் காரை ஓட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன்.

       

 எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மாடு வளர்க்கிறவர், எழுபதைத் தாண்டியவர். கன்று பிறந்தால் 27 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். பண்ணை மானிய விண்ணப்பத்தை 2018 முதல் இணையத்தில்தான் போட வேண்டும். இணையத்தில் போடு என்று சொல்வதும் அரசு, இணையம் வராத இடம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டி வைத்ததும் அதே அரசு. அவருக்காக எங்கள் வீட்டில் உட்கார்ந்து நாங்கள் பதிவு செய்துகொடுப்போம், பக்கம் திறக்கும் வரை தேநீர் குடித்துக்கொண்டே காத்திருப்போம். கிராமங்களுக்கு மின்சாரம் வந்ததைப் பற்றி அவர் அப்போதுதான் சொன்னார். 1946-இல் டப்ளின் கவுண்டியில் முதல் கம்பம் நட்டுத் தொடங்கிய அந்த வேலை பல பத்தாண்டுகள் நடந்தது. "இவ்வளவு செலவு செய்து மாட்டுக்காரனுக்கு விளக்கா" என்று அன்றும் கேட்டார்களாம். மாதக் கட்டணத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்ட பிறகு பின்வாங்கிய வீடுகளும் இருந்தன. அவர் வீட்டில் அம்மாதான் பிடிவாதமாக வாங்கச் சொன்னாராம். அந்த வேலையைச் செய்தது அரசு மின்வாரியம். கம்பிகள் இன்றைக்கும் பொதுச் சொத்து.

இங்கேதான் என் இரண்டாவது கோபம். பிராட்பேண்ட் ஒப்பந்தத்தில், பெரும்பகுதிப் பணத்தை அரசு போட்டும் 25 ஆண்டு முடிந்ததும் வலையமைப்பு நிறுவனத்திடமே இருக்கும். அதிக லாபம் வந்தால் ஒரு பங்கு அரசுக்குத் திரும்பும் என்று ஷரத்து இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் சொத்து நமதில்லை. இதற்கு முன்னாலும் இந்த நாடு அனுபவப்பட்டிருக்கிறது. 1999-இல் அரசுத் தொலைபேசி நிறுவனத்தைப் பங்குச் சந்தையில் விற்றார்கள், லட்சக்கணக்கான சாதாரண மக்கள் பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பிறகு நிறுவனம் கை மாறி மாறிக் கடனில் மூழ்கியது. இப்போது புதிய ஃபைபர் போகிறது என்றால், பெரும்பாலும் அந்தப் பழைய கம்பங்களிலும் குழாய்களிலும்தான், வாடகை கொடுத்து. மக்கள் பணத்தில் நட்ட கம்பத்துக்கு மக்கள் பணத்திலிருந்தே வாடகை. பிரான்சில் 2013-இல் தொடங்கிய திட்டத்தில், தனியார் போகாத பகுதிகளில் மாவட்ட அளவிலான பொது அமைப்புகள் வலையமைப்புக்குச் சொந்தக்காரர்களாக இருந்து, நடத்துவதை மட்டும் நிறுவனங்களிடம் விடுகிறார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் சொத்து யாருடையது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு என்னை ஏதாவது கட்சிக்காரன் என்று முத்திரை குத்த வேண்டாம். தனியார் என்றாலே கெட்டது என்பவனும் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஃபைபர் போட்ட பையன்கள் ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள்தான், ஐரிஷ் மழையில் ஏணியில் நின்று அருமையாக வேலை செய்தார்கள். வந்த நாளிலிருந்து 500 மெகாபிட். மகளும் நானும் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறோம், பெரியவர் தன் கன்றுகளைத் தானே பதிவு செய்கிறார்.

ஸ்டார்லிங்க் பற்றி: காத்திருந்த காலத்தில் அது வாங்கியவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு அது பெரிய உதவி. யாருமே போக முடியாத தனி வீட்டுக்கு இன்றும் அதுதான் சரி. ஆனால் ஒரு பகுதியில் எல்லோரும் ஒரே செயற்கைக்கோள் திறனைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஆட்கள் கூடினால் வேகம் குறையும். ஃபைபரை ஒருமுறை போட்டுவிட்டால் இரண்டு முனையிலும் கருவியை மாற்றி வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், கேபிளைத் தோண்ட வேண்டாம். ஒரு நாட்டின் கால்வாசி மக்களுக்கு வேறு நாட்டுத் தனியார் நிறுவனத்தின் செயற்கைக்கோளை மட்டும் நம்பி இருங்கள் என்று சொல்ல எந்த அரசுக்கும் மனசு வரக் கூடாது.

ஒருவேளை நீங்கள் இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவராக இருந்து கேட்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டின் ஏர்கோடைப் போட்டு இணைப்பு தயாரா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்கு இருக்கிறது என்பதை நம்பாதீர்கள். சாலையிலிருந்து வீடு வரை மண்ணுக்கடியில் குழாய் இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். உங்கள் நிலத்துக்குள் அடைப்பு இருந்தால் அதைத் தோண்டிச் சரிசெய்வது உங்கள் செலவு.