பால் கொடுக்கும்போது இருமல் டானிக்: குழந்தையின் தூக்கத்தைக் கவனியுங்கள்

கேள்வி: குழந்தைக்கு 5 வாரம். மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்ததால் டாக்டர் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625, பாராசிட்டமால் 650 எழுதிக் கொடுத்தார். பாலில் மருந்து கலந்துவிடும் என்று இணையத்தில் படித்தேன். மாமியாரும் பாலை நிறுத்தச் சொல்கிறார். பையனுக்கு மலமும் கொஞ்சம் இளக்கமாகப் போகிறது. இருமலுக்கு, கணவர் போன வருடம் குடித்து மீதி வைத்திருந்த கோடீன் டானிக்கை 4 நாளாக இரவில் 10 மி.லி. குடிக்கிறேன். நல்லவேளை, பையன் 6 மணி நேரம் அசையாமல் தூங்குகிறான். பாலை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டியது டானிக்கை, பாலை அல்ல. குழந்தையை இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் ‘நல்லவேளை’ என்று எழுதிய அந்தத் தூக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது.

நம் ஊர்க் கோடீன் சிரப்புகளில் பெரும்பாலும் 5 மி.லி.க்கு 10 மி.கி. கோடீன் இருக்கும். அதில் ஒரு பகுதியைக் கல்லீரல், மயக்கம் தந்து மூச்சையும் மந்தமாக்கும் மார்ஃபினாக மாற்றுகிறது. சிலருக்கு இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். நீங்கள் அப்படிப்பட்டவரா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. டானிக் குடித்ததும் உங்களுக்கே தலை சுற்றி, கண்ணைத் திறக்க முடியாத மயக்கம் வந்தால் அது ஓர் அறிகுறி. பாலில் போகும் மார்ஃபினை 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். அதனால் ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். அதே பாட்டிலில் குளோர்ஃபெனிரமின் என்ற அலர்ஜி மருந்தும் சேர்ந்திருந்தால், அது தூக்கத்தை இன்னும் கூட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே பாலூட்டும் தாய்மாருக்குக் கோடீனும் டிரமடால் என்ற வலி மருந்தும் வேண்டாம் என்று எச்சரித்தது. ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் குடிப்பதே தவறு. மடியில் 5 வாரக் குழந்தை இருக்கும்போது அது ஆபத்து.

இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். இப்போதே துணியை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிப் பாருங்கள். சிணுங்கி எழுந்து, பலமாக உறிஞ்சிக் குடித்தால் பால் கொடுங்கள்; பிறகு மருத்துவரிடம் போங்கள். எழுப்பவே முடியவில்லை, கைகால் துவண்டு கிடக்கிறது, மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். அந்த நிலையில் குழந்தையின் வாயில் பாலோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். டானிக் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தீர்கள் என்று சொல்லுங்கள். இந்த மார்ஃபின் மயக்கத்துக்கு மாற்று மருந்து மருத்துவமனையில் உண்டு. டானிக்கை நிறுத்தின பிறகும் ஒரு முழு நாள் குழந்தையைக் கண்காணியுங்கள்.

டாக்டர் கொடுத்த இரண்டு மருந்துகளும் பாலூட்டும்போது பாதுகாப்பானவை. பாலில் போகும் அளவு மிகக் குறைவு. மலம் கொஞ்சம் இளகுவது ஆன்டிபயாட்டிக்கால் இருக்கலாம், பெரும்பாலும் தானே சரியாகும். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து பற்றிய பயத்தில் இப்போது பாலை நிறுத்தினால் கட்டிய பால் தேங்கிச் சீழ்க்கட்டியாகலாம். கட்டிய பக்கத்திலும் கொடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணியால் ஒத்தடம் வையுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கி 48 மணி நேரமாகியும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, கெட்டியான கட்டி அப்படியே இருந்தாலோ ஸ்கேன் எடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இருமலுக்கு வெந்நீரும் ஒரு ஸ்பூன் தேனும் உங்களுக்குப் போதும் (குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தேன் நாக்கில் படக்கூடாது). மூக்கடைப்புக்காகச் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை வாங்காதீர்கள், பால் குறையும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் டானிக் தேடாமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.