எல்லோரும் என்னை முந்திச் செல்கிறார்கள்

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளிக் காலத்தில்கூட விளையாட்டில் ஈடுபாடு காட்டாத நான், ஐந்து மாதங்களுக்கு முன்பு ஓடத் தொடங்கினேன். ஒரு கிலோமீட்டரைக் கடக்க எனக்கு 9 நிமிடங்கள் ஆகின்றன. விறுவிறுப்பாக நடப்பவர்களே என்னை முந்திச் சென்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய ஓட்டத்தைவிடச் சில விநாடிகளாவது குறைத்துவிட வேண்டும் என்று முயல்கிறேன்; பத்து நிமிடத்துக்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறேன். அண்மையில் முழங்காலுக்குக் கீழே, காலின் முன்புற எலும்பை ஒட்டி வலியும் இருக்கிறது. என்னோடு தொடங்கிய தோழி இப்போது ஆறரை நிமிடத்தில் ஒரு கிலோமீட்டரை முடிக்கிறார். எங்கள் ஓட்டக் குழுவில் எல்லோரும் தங்கள் நேரத்தைப் பகிரும்போது நான் மட்டும் பேசாமல் இருந்துவிடுகிறேன். சில வாரங்களாகக் காலையில் எழும்போதே மனம் பின்வாங்குகிறது. இவ்வளவு மெதுவாக ஓடுவதால் பயன் ஏதும் உண்டா? ஊக்கம் குன்றாமல் தொடர நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்த்தது ஒன்பது நிமிடம் என்ற கணக்கு அன்று, அதற்கு அடுத்தபடியாக நீங்கள் எழுதியிருக்கும் வரிதான். ஒவ்வொரு முறையும் முந்தைய நேரத்தைக் குறைக்க முயல்வதாகவும், பத்து நிமிடத்துக்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுவதாகவும் சொல்கிறீர்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் மெதுவாக ஓடுபவர். ஆனால் உங்கள் உடலின் இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் நீங்கள் மிக வேகமாக ஓடுகிறீர்கள். இவை இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். உங்கள் மூச்சிரைப்பும், கால் வலியும், காலையில் மனம் பின்வாங்குவதும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று நான் கருதுகிறேன். ஆகவே, இன்னும் மெதுவாக ஓடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை.

எவ்வளவு மெதுவாக என்பதற்குக் கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முழு வாக்கியத்தை, நடுவில் மூச்சுக்காக நிறுத்தாமல், பக்கத்தில் வருபவரிடம் பேசுவதுபோல் உங்களால் சொல்ல முடிய வேண்டும். இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் வேகத்தைக் குறையுங்கள். குறைத்தும் அடங்காவிட்டால் நடங்கள். அடிகளைக் குறுகியதாகவும் அடிக்கடியும் எடுத்து வையுங்கள். பாதம் உடலுக்கு வெகு முன்னால் போய் விழாமல், ஏறத்தாழ இடுப்புக்கு நேர் கீழே விழட்டும். இப்படி ஓடும்போது உங்கள் ஒன்பது நிமிடம் பத்தாகவோ பதினொன்றாகவோ மாறலாம். அது இப்போது ஒரு பொருட்டே அன்று.

இனி, பயன் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்குச் செலவாகும் ஆற்றல், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி. ஓடும் வேகம் மாறுவதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அதாவது 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் ஓடினாலும் ஒன்பது நிமிடத்தில் ஓடினாலும் செலவிடுவது கிட்டத்தட்ட 60 கிலோகலோரிதான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையும் நிமிடங்களில்தான் பேசுகிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் தீவிரமான உழைப்பு. எத்தனை கிலோமீட்டர், எந்த வேகம் என்று அது கேட்பதில்லை. உங்கள் இதயத்துக்குத் தெரிவதெல்லாம் தான் எவ்வளவு நேரம், எவ்வளவு கடினமாக உழைத்தோம் என்பது மட்டுமே. பக்கத்தில் யார் முந்திச் சென்றார்கள் என்பது அதற்குத் தெரியாது.

மெதுவாக ஓடுவதற்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றத் தொடங்குகிறது. அடுத்துவரும் வாரங்களிலும் மாதங்களிலும் தசைகளுக்குள் தந்துகிகள் என்ற நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் மிகவும் பொறுமையானவை. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் காலின் மீது இறங்கும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. அந்தச் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும்போது, பழைய பகுதி முதலில் கரைந்து, பிறகுதான் புதிய பகுதி உருவாகி இறுகுகிறது. இதற்குச் சில மாதங்கள் ஆகும். மூச்சு கொஞ்சம் பழகிவிட்டது, கால்கள் இன்னும் பழகவில்லை என்ற இடைக்காலத்தில்தான் புதியவர்கள் பலர் காயப்படுகிறார்கள். உங்கள் முன்னெலும்பின் வலி இந்த இடைக்காலத்தின் வலியாக இருக்கக்கூடும்.

அந்த வலியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலும்பின் ஓரம் நெடுகப் பரவலாக வலித்தால் ஓரிரு வாரங்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வலி தராத நடை, நீச்சல், சைக்கிள் ஆகியவற்றால் அந்த நேரத்தை நிரப்புங்கள். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி குவிந்திருந்தாலும், ஓய்வில் இருக்கும்போதும் இரவிலும் வலித்தாலும் அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது மார்பில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

பேசிக்கொண்டே ஓடும் வேகம் என்பது பலவீனர்களுக்காகச் செய்துகொண்ட சமரசம் என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் பீட்டர் ஸ்னெல்லும் 5000 மீட்டரில் மர்ரே ஹால்பெர்க்கும் தங்கம் வென்றார்களே, அவர்கள் இருவருக்கும் பயிற்சி அளித்தவர் அவர்தான். நடுவயதினரும் இதய நோயிலிருந்து மீண்டவர்களும் ஆக்லாந்தில் குழுவாக மெல்லோட்டம் ஓடத் தொடங்கியதற்கும் அவரே தூண்டுதல். 1962-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே சென்றபோது, லிடியார்டின் அழைப்பை ஏற்று அந்தக் குழுவினருடன் ஓடினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பிறரை ஓட வைத்தே பழகியிருந்த அவரால் குழுவோடு ஈடுகொடுக்க முடியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவர், தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருடன் பேசியபடியே ஓடினார். பவர்மேன் நாடு திரும்பியதும் தம் ஊரின் சாதாரண மக்களுக்காக இதே மெல்லோட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஓட்டத்தைப் பற்றி எல்லாம் அறிந்த ஒருவரும், ஓடத் தொடங்கும் நாளில், மூச்சு வாங்கும் புதியவராகவே இருந்தார் என்பதற்காக இந்த நிகழ்ச்சியை உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் தோழியைப் பற்றி எழுதியதில் வருத்தம் தெரிகிறது, அது இயல்பானதே. ஒன்றாகத் தொடங்கினோம், ஒரே அளவு உழைத்தோம், அவர் மட்டும் முன்னேறினார் என்றால், குறை நம்மிடம்தான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. 1990-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஹெரிட்டேஜ் என்ற குடும்ப ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத நூற்றுக்கணக்கானோருக்கு 20 வாரங்கள் ஒரே விதமான பயிற்சி கொடுத்தார்கள். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு சிலருக்கு மிகப் பெரிதாக உயர்ந்தது. சிலருக்கு ஏறக்குறைய உயரவே இல்லை. இந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி, குடும்ப வழியாக வந்த இயல்பால் விளைந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதனுடன் உறக்கம், முன்பு விளையாடிய பழக்கம், உடல் எடை, வீட்டுப் பொறுப்புகள் எல்லாம் சேர்கின்றன. அவருடைய ஆறரை நிமிடம் உங்கள் முயற்சியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இப்போது ஊக்கத்துக்கு வருவோம். ஊக்கம் என்பது மன உறுதியால் மட்டும் வரவழைக்கக்கூடியது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நேற்றைய ஓட்டம் எப்படி முடிந்ததோ, அந்த நினைவுதான் இன்று காலை உங்களை எழுப்புகிறது அல்லது படுக்கையிலேயே இருத்துகிறது. உங்கள் ஓட்டங்கள் எல்லாமே தோல்வியில் முடிகின்றன: நேரத்தைக் குறைக்க முயல்கிறீர்கள், மூச்சு முட்டுகிறது, நிற்கிறீர்கள், அடுத்தவர் முந்துகிறார். இப்படி ஐந்து மாதங்கள் நடந்த பிறகு மனம் பின்வாங்குவதில் வியப்பு என்ன இருக்கிறது? உங்களைச் சோம்பேறி என்று நீங்களே பழித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வோர் ஓட்டத்தையும், இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருக்கலாம் என்று தோன்றும் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். மிச்சம் வைத்து முடிக்கும் ஓட்டத்துக்கு அடுத்த முறை மனம் தானாகவே வரும்.

அதற்கான எளிய வழி, ஓட்டத்துக்கு நடுவே நடையைத் திட்டமிட்டுச் சேர்ப்பது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலோவே, 1970-களிலிருந்தே புதியவர்களுக்கு இந்த முறையைக் கற்பித்து, மாரத்தான் வரை கொண்டுசென்றிருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, களைப்பு வருவதற்கு முன்பே நடக்கத் தொடங்குவதுதான். மூச்சு வாங்கி நின்றுவிடுவது வேறு, இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பேன் என்று முதலிலேயே முடிவு செய்து நடப்பது வேறு. முன்னது உங்களைத் தோற்றவராக உணரச் செய்யும், பின்னது பயிற்சியின் ஒரு பகுதி. வலி அடங்கியதும், வாரத்துக்கு மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள், முதல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, இரண்டு நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாக மொத்தம் 25 நிமிடங்கள் செல்லுங்கள். எளிதாக இருந்தால் அடுத்த வாரம் ஓடும் பகுதியை ஒரு நிமிடம் நீட்டுங்கள். கடினமாக இருந்தால் அதே வாரத்தையே மீண்டும் செய்யுங்கள்.

எட்டு வாரங்களுக்கு வேகத்தைப் பார்க்காதீர்கள். கைக்கடிகாரத்திலும் கைப்பேசிச் செயலியிலும் வேகம் காட்டும் பகுதியை மறைத்துவிடலாம். ஒரு குறிப்பேட்டில் எத்தனை நிமிடம் சென்றீர்கள், பேச முடிந்ததா, மறுநாள் கால்கள் எப்படி இருந்தன என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். வெப்பம், காற்றின் ஈரப்பதம், உறக்கக் குறைவு, மாதவிடாய் நாள்கள் ஆகிய ஒவ்வொன்றும் அன்றைய வேகத்தை மாற்றும் என்பதால், நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. எட்டு வாரங்களுக்கு முன்னும் பின்னும் ஒரே பாதையில் அதே எளிய மூச்சோடு ஓடி ஒப்பிட்டால் மட்டுமே உண்மையான மாற்றம் தெரியும்.

குழுவைப் பொறுத்தவரை, நேரத்தைப் பகிர்வது உங்களை வருத்துகிறது என்றால், எத்தனை நிமிடம் ஓடினேன் என்பதை மட்டும் பகிருங்கள்; அதைக் கேலி செய்யும் குழுவாக இருந்தால் விலகிவிடுவதே நல்லது. எல்லாக் குழுக்களும் அப்படிப்பட்டவை அல்ல. 2004-இல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கி, இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கும் பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் நிகழ்வில், எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். ஆகவே பங்கேற்பவர் எவரும் கடைசியாக வருவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே சராசரி நேரம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. முன்பு ஓட அஞ்சியவர்களும் மெதுவாக ஓடுபவர்களும் பெருமளவில் சேர்ந்ததே அதற்குக் காரணம். உங்களைப் போன்ற ஒருவரையாவது தேடிக் கண்டுபிடித்து, அவரோடு பேசிக்கொண்டே ஓடுங்கள். பேச முடிகிறதா என்ற சோதனையும் கூடவே நடந்துவிடும்.

மனமே வராத காலைகள் இனியும் இருக்கும். அன்று ஷூவை அணிந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு, அதற்குப் பிறகும் விருப்பமில்லை என்றால் வீடு திரும்பிவிடலாம் என்று உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் திரும்ப மாட்டீர்கள், திரும்பினாலும் பாதகமில்லை. ஒரு வாரம் விட்டுப்போனால் உடல் பெற்றதையெல்லாம் இழந்துவிடாது. விட்ட நாள்களை ஈடுகட்டுவதற்காகக் கூடுதலாக ஓடாமல், முந்தைய வாரத்தின் அளவிலிருந்து தொடங்கினால் போதும்.

வேகம் எப்போதாவது கூடுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கடிதம் முழுவதும் அந்தக் கேள்வி இருக்கிறது. கூடும். தோழியின் வேகத்தை எட்டுவீர்கள் என்று மட்டும் என்னால் வாக்களிக்க முடியாது. அரை மணி நேரம் நிற்காமல், பேசக்கூடிய மூச்சோடு ஓடுவது உங்களுக்கு வழக்கமாகி, கால் வலியின்றி மூன்று வாரங்கள் கடந்த பின், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ஓட்டத்தின் முடிவில் 20 விநாடிகள் வீதம் நான்கு முறை சற்று வேகமாக ஓடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு முழுவதும் அடங்கும்வரை நடங்கள். மற்ற இரண்டு நாள்களும் இப்போது சொன்ன மெதுவான ஓட்டமாகவே இருக்கட்டும்.