உறை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: செங்கலடியில் எருமைத் தயிர் போட்டு விற்கிறோம். கொழும்புக்கு அனுப்பினால் சீக்கிரம் புளித்துவிடுகிறது. தயிரைக் கூடுதல் நாள் தாங்க வைக்கும் உறை (பாலில் ஊற்றும் உறைமோர்) ஒன்றை உருவாக்கித் தரும்படி ஒரு தனியார் ஆய்வுகூடத்திடம் முழுக் காசையும் முன்கூட்டியே கட்டினோம். உறை தயாராம். ஆனால் இன்னும் காசு தந்தால்தான் செய்முறையைத் தருவார்களாம். என்ன செய்வது?

பதில்: அன்புத் தங்கச்சி, இப்போதைக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள்.

ஒருவரையே நம்பிக் காசையும் காலத்தையும் போட்ட பிறகு அவர் விலையை மாற்றினால், விட்டுவிட்டு வரவும் மனம் வராது. 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஒலிவர் வில்லியம்சன் ஆராய்ந்ததே இந்தச் சிக்கலைத்தான். ஆனாலும் அவர்களுக்கு உண்மையிலேயே செலவு கூடியிருக்கலாம். கணக்குக் கேளுங்கள். நியாயமாகத் தெரிந்தால் மேலதிகக் காசுக்குச் சம்மதிக்கலாம். ஆனால் உறையும் செய்முறையும் உங்கள் கைக்கு வந்து, உங்கள் வீட்டில், உங்கள் பாலில், அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்காமல் மூன்று தடவை சரியாக உறைந்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

கையெழுத்திட்ட தாள், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், செய்வித்த கண்டுபிடிப்பின் பேடன்ட் உரிமை வேலை கொடுத்தவருக்கே சேரும். ஆனால் தயிர்ச் செய்முறை பெரும்பாலும் ரகசியமாகவே இருக்கும், பேடன்ட் வரை போகாது. அங்கே நீங்கள் எழுதிவைத்த தாள்தான் பேசும்.

அடுத்த முறை காசைப் படிப்படியாகக் கொடுங்கள். ஒவ்வொரு படியிலும் ஆய்வுகூடக் குறிப்பேட்டின் பிரதியும் உறையின் மாதிரியும் உங்களிடம் வர வேண்டும். தோற்றுப்போன முயற்சிகளின் குறிப்பும் வேண்டும், அதுவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அறிவுதான். தோல்விக்குக் காசே இல்லை என்று எழுதினால் அதை மறைத்துவிடுவார்கள். ஆகவே செய்த வேலைக்கு ஒரு பங்கை எப்படியும் கொடுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. 'இத்தனை நாள் தாங்கினால் இவ்வளவு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அளக்கக்கூடியதற்கு மட்டும் காசு கொடுத்தால் அளக்க முடியாதது கைவிடப்படும் என்று ஹொல்ம்ஸ்ட்ரோம், மில்குரோம் என்ற இரு பொருளியலாளர்கள் 1991இல் காட்டினார்கள். நாட்களை எண்ணிவிடலாம். வாசத்தையும், சட்டியைச் சரித்தாலும் சரியாத அந்தக் கட்டிப் பதத்தையும் எப்படி எண்ணுவது? நாள் கூட வேண்டுமென்று ஏதாவது மருந்தைக் கலந்துவிட்டால், போவது உங்கள் பெயர்தான். கடைசிப் படியின் காசை உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்வதோடு பிணைத்து எழுதுங்கள். விற்கும் சட்டிக்கு இவ்வளவு என்று சில வருடங்களுக்குச் சிறு பங்கு கொடுத்தால், உங்கள் தயிர் நன்றாக ஓடுவதில் அவர்களுக்கும் அக்கறை இருக்கும். அதே உறையை வேறு தயிர்க்காரருக்கு விற்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

பேச்சு சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அது எங்கே, எப்போது கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதுவரை வீட்டில் வழிவழியாக வரும் பழைய உறையைத் தனிச்சட்டியில் விடாமல் வளர்த்துவாருங்கள்.